கறியை லேபில் சோதித்துவிட்டுத்தான் விற்கிறார்களா? – வாசகர் கேள்வி பதில்

கோழிக்கறியை ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஃபிரிட்ஜை விட்டுவிட்டுக் கடையைப் பிடித்துக்கொண்டன. கறி நம் கைக்கு வருவதற்கு முன்னால் யாராவது கிருமி சோதனை செய்கிறார்களா என்பதுதான் கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை எல்லோருக்கும் சந்தேகம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களின் கடிதங்களைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே ஆட்டை உரித்துத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். பத்து மணிக்குள் தலை, கால், குடல் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும். விற்பதற்கு முன் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்க்காமல் எப்படி விற்க விடுகிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

அந்த ஆட்டை யாரும் லேபுக்கு அனுப்பிப் பார்க்கவில்லை. காலையில் அறுத்துக் காலையிலேயே விற்கிற எந்தக் கடையிலும் அது நடக்காது, நடக்கவும் முடியாது. காரணம் நேரம்.

வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொடுக்கிற சால்மோனெல்லா என்ற ஒரே ஒரு கிருமியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கறியில் 25 கிராம் எடுத்து, கிருமிக்குத் தீனியான பெப்டோன் கலந்த தண்ணீர் 225 மில்லியில் போட்டு நன்றாகக் கலக்கி, 37 டிகிரியில் ஓர் இரவு முழுக்க, அதாவது சுமார் 18 மணி நேரம் வைக்க வேண்டும். குளிரிலும் உப்பிலும் அடிபட்டுச் சோர்ந்து கிடக்கிற கிருமி அதில் தெம்பாகிப் பெருகும். மறுநாள் அதிலிருந்து துளி எடுத்து, மற்ற கிருமிகளை அமுக்கிவிட்டு சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் வேறு இரண்டு கரைசல்களில் விட்டு இன்னொரு நாள். அதற்கு அடுத்த நாள் எக்ஸ்எல்டி என்கிற, கிருமி வளர்க்கிற சிவப்பு நிறத் தட்டில் இழுத்துவிட்டு இன்னொரு நாள். அப்புறம்தான் தட்டைப் பார்க்கிறோம். ஓரம் இளஞ்சிவப்பாகவும் நடுவில் கறுப்பாகவும் சின்னச் சின்னப் புள்ளிகள் எழும்பியிருந்தால் சந்தேகம். அதை உறுதிசெய்ய மேலும் ஒன்றிரண்டு நாள். ஆகக் கூடி, 'இல்லை' என்று சொல்ல மூன்று நாள், 'இருக்கிறது' என்று அடித்துச் சொல்ல ஐந்து நாள். மொத்தக் கிருமி எண்ணிக்கைக்கும் 30 டிகிரியில் 72 மணி நேரம் வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கிற வேகமான பிசிஆர் சோதனை இருக்கிறதே என்பீர்கள், இருக்கிறது, ஆனால் அதற்கும் முதலில் கிருமியை ஓர் இரவாவது வளர்த்தாக வேண்டும். ஞாயிறு கறிக்குப் புதன்கிழமை ரிப்போர்ட் வந்து என்ன பயன்?

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் பழகியிருக்கிறோம். சோறு பானை முழுக்க ஒரே சூட்டில் வேகிறது, அதனால் ஒரு சோறு போதும். கறியில் கிருமி அப்படிப் பரவி இருக்காது. குடல் கிழிந்து சாணி பட்ட இடத்தில் லட்சக்கணக்கில் இருக்கும், பக்கத்துத் தொடையில் ஒன்றுகூட இருக்காது. நூறு துண்டில் ஒரு துண்டில் மட்டும் சால்மோனெல்லா இருப்பதாக வையுங்கள். ஐந்து துண்டு எடுத்துச் சோதித்தால் நூற்றுக்கு 95 தடவை 'இல்லை' என்றுதான் பதில் வரும். லேபில் ஒரு தவறும் நடந்திருக்காது. கணக்கே அப்படி.

அப்படியானால் சோதனை எதற்கு? கடையின் பழக்கம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். நல்ல ஆரோக்கியமான ஆட்டின் சதைக்குள் கிருமி கிட்டத்தட்ட கிடையாது. எல்லாம் தோலிலும் குடலிலும் இருந்து வருகிறது. தோலைப் பிடித்து இழுத்த கை அப்படியே சதையைத் தொடுகிறது, குடலை எடுத்த கத்தி தொடையை வெட்டுகிறது, எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் அலசுகிறார்கள், ஒரே துணியால் கத்தி, தராசுத் தட்டு, கை மூன்றையும் துடைக்கிறார்கள். அந்தத் துணியை லேபில் ஒரு நாள் வளர்த்துப் பாருங்கள், தட்டில் எண்ணுவதற்கு இடம் இருக்காது. சட்டமும் இதை வைத்துத்தான் நடக்கிறது: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் கறிக்கடைக்கென்று தனியாகச் சுத்த விதிகளே உண்டு, வெட்டுக்கட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது வரைக்கும்.

அதனால் கடையில் ரிப்போர்ட் கேட்டு நிற்காதீர்கள். தண்ணீர் குழாயில் ஓடுகிறதா, வாளியில் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். குடல் சுத்தம் செய்கிற இடமும் கறி வெட்டுகிற இடமும் ஒன்றா என்று பாருங்கள். காசு வாங்கிக் கல்லாவில் போட்ட கையோடு அப்படியே கறியை எடுக்கிறார்களா என்று பாருங்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறும்போது தொங்குகிற தொடை எங்கே போகிறது, ஃபிரிட்ஜுக்கா, அங்கேயே கிடக்கிறதா? ஏனென்றால் நல்ல சூட்டில் ஒரு கிருமி இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். நூறு கிருமி நாலு மணி நேரத்தில் நாலு லட்சம். சித்திரை, வைகாசி வெயிலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

ஆட்டுத் தொடையில் நீல நிறத்தில் முத்திரை குத்தியிருக்கிறதே, அது கிருமி சோதனை செய்ததற்கு அடையாளமா?
– வாசகி, மயிலாடுதுறை

இல்லை. அது கால்நடை மருத்துவர் பார்த்ததற்கான அடையாளம். அறுப்பதற்கு முன் ஆடு நோயாளியாக இருக்கிறதா என்றும், அறுத்த பின் ஈரல், நுரையீரல், நெறிக்கட்டி இவற்றில் கட்டி, புழு, நீர்க்கொப்புளம் எதுவும் உண்டா என்றும் கண்ணால் பார்த்து, தொட்டு, தேவைப்பட்டால் வெட்டிப் பார்த்துக் குத்துவது. மிக அவசியமான வேலை, முத்திரை இருக்கிற கறியையே வாங்குங்கள். ஆனால் சால்மோனெல்லாவும், குடலிலிருந்து வருகிற ஈ. கோலை என்ற கிருமியும் கண்ணுக்குத் தெரியாது, முத்திரை குத்திய பிறகு கடையில் ஒட்டுவதை அந்த மருத்துவர் தடுக்கவும் முடியாது.

பத்துப் பெண்கள் சேர்ந்து குழுவாக உப்புக்கண்டம் போட்டு விற்கிறோம். முதலில் சொந்தக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தோம், இப்போது சென்னை, பெங்களூரு வரை கூரியரில் போகிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் லேப் ரிப்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். என்ன சோதனை, எங்கே கொடுப்பது, ஒன்றும் புரியவில்லை. எங்கள் பாட்டி காலத்திலிருந்து போடுகிற பண்டத்துக்கு ஏன் சோதனை?
– வாசகி, மன்னார்குடி

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். ஏனென்றால் கும்பகோணத்து ஆட்டுக்கறிக்குச் சாத்தியமில்லாதது உங்கள் உப்புக்கண்டத்துக்குச் சாத்தியம்: சோதித்து, ரிப்போர்ட் வந்த பிறகு விற்கலாம். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிற பண்டம், ஒரு வாரம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

பாட்டி காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பாட்டி போட்டது வீட்டுக்கு. பங்குனி, சித்திரை வெயிலில் போட்டு, மெலிசாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, நூலில் கோத்துக் கொடியில் கட்டி, அந்தி சாய்ந்ததும் எடுத்து உள்ளே வைத்து, கல் மாதிரி ஆகும் வரை விடமாட்டார். நீங்கள் ஆர்டர் வந்தால் ஐப்பசியிலும் போடுகிறீர்கள். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துவைத்த துணியே மூன்று நாள் காயாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும் துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வெளிப்பக்கம் கறுத்து இறுகியிருக்கும், நடுவில் மட்டும் ஒரு கோடு சிவப்பாக, விரலால் அழுத்தினால் அமுங்கும். ஆபத்து அந்தச் சிவப்புக் கோட்டில்தான் இருக்கிறது.

கிருமி வளர ஈரம் வேண்டும். பண்டத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை விட, அதில் கிருமியின் கைக்கு எட்டுகிற தண்ணீர் எவ்வளவு என்பதுதான் கணக்கு. இதை லேபில் வாட்டர் ஆக்டிவிட்டி என்பார்கள். சுத்தத் தண்ணீருக்கு 1. பச்சைக் கறிக்கு 0.99 பக்கம். உப்பு ஏற ஏற, காயக் காய இது இறங்கும். 0.94க்குக் கீழே சால்மோனெல்லா வளராது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒன்று இருக்கிறது, நம் மூக்கிலும் கை விரல் புண்ணிலும் குடியிருக்கிற கிருமி, உப்பைக் கண்டால் அதற்குப் பயமே கிடையாது, 0.86 வரைக்கும் வளரும். அது கறியில் பெருகி விடுகிற நச்சு, எண்ணெயில் பொரித்தாலும் முழுசாகப் போகாது. அதனால் உங்கள் இலக்கு 0.85க்கும் கீழே. பூஞ்சை அதற்கும் கீழே வரும், அதனால் இன்னும் இறக்கினால் நல்லது.

எனவே லேபில் இவற்றைக் கேளுங்கள்: வாட்டர் ஆக்டிவிட்டி, உப்பு அளவு, சால்மோனெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை, ஈஸ்ட்டும் பூஞ்சையும். சால்மோனெல்லா காய்ந்த பண்டத்தில் வளராதே, ஏன் பார்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். வளராது, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பணம் குறைவாக இருந்தால் எல்லாச் சோதனையையும் ஒரே ஒரு தடவை செய்து ரிப்போர்ட்டை ஃபிரேம் போட்டு மாட்டுவதை விட, வாட்டர் ஆக்டிவிட்டியை ஒவ்வொரு ஈட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தடவை போடுகிற சரக்குக்கும், பார்ப்பது மேல். அதற்குச் சில நிமிடம்தான் ஆகும், செலவும் குறைவு.

எங்கே கொடுப்பது? தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் இருக்கிற நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், முன்பு ஐஐஎஃப்பிடி என்று இருந்ததே அதுதான், அங்கே லேபுகளின் தரத்துக்குச் சான்று கொடுக்கிற என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். போவதற்கு முன் போன் செய்து, எந்தக் கிழமை மாதிரி வாங்குவார்கள், எத்தனை பாக்கெட் வேண்டும், கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய வைக்கிற முறையைப் பற்றியும் அங்கே கேட்கலாம். சிறு தொழில் செய்பவர்களுக்கு வழிகாட்டுவதும் அவர்கள் வேலைதான். மழைக்காலத்தில் தொடர்ந்து போடுவதாக இருந்தால் ஒரு உலர்த்தி வாங்காமல் சமாளிக்க முடியாது என்பது என் கருத்து.

மாதிரி எடுப்பதில் ஒரு விஷயம். இருப்பதிலேயே நன்றாகக் காய்ந்த, மெலிசான துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது உங்களை நீங்களே ஏமாற்றுவது. தடித்த துண்டு, கொடியின் நடுவில் காற்று படாமல் தொங்கின துண்டு, கடைசியாகக் கட்டின துண்டு, இவைதான் லேபுக்குப் போக வேண்டும். விற்கிற மாதிரியே பாக்கெட் போட்டு, பிரிக்காமல், போட்ட தேதியும் ஈட்டு எண்ணும் எழுதிக் கொடுங்கள். அந்த ஈட்டு எண் முக்கியம். நாளைக்கு ஒரு ஈடு சரியில்லை என்று ரிப்போர்ட் வந்தால், எந்தப் பாக்கெட்டை நிறுத்த வேண்டும் என்று அதை வைத்துத்தான் தெரியும். கையில் புண், கட்டு உள்ளவர் அன்றைக்குக் கறியைத் தொட வேண்டாம், நூல் கோர்க்கிற வேலைகூட வேண்டாம். பாக்கெட்டில் 'நன்றாகப் பொரித்த பின்தான் சாப்பிட வேண்டும்' என்று பெரிதாகப் போடுங்கள்.

கோழிக்கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கோழி போகும். நான் சப்ளை செய்கிற ஓட்டலில் இப்போது 'மைக்ரோ ரிப்போர்ட்', அதாவது கிருமி சோதனை ரிப்போர்ட், கேட்கிறார்கள். சட்டப்படி கட்டாயமா? ஒவ்வொரு வாரமும் கறியைச் சோதிக்க எனக்குக் கட்டுப்படியாகாது, என்ன செய்யட்டும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

தம்பி, முதலில் சட்டம். ஒரு நாளைக்கு 50 கோழிக்குள் அறுப்பவருக்குப் பதிவு, அதற்கு மேல் போனால் உரிமம். உரிமம் வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தங்கள் பண்டத்தை அங்கீகரிக்கப்பட்ட லேபில் சோதிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனையிலேயே இருக்கிறது. நீங்கள் பதிவில் இருக்கிறீர்கள், அந்த நிபந்தனை உங்களுக்கு அப்படியே வராது. ஆனால் ஓட்டல்காரர் கேட்பது நியாயம்தான், அவர் பெயர் கெடும் என்று அவருக்குப் பயம்.

அவரிடம் பேசிப் பாருங்கள், கறிக்குப் பதிலாகக் கடையைச் சோதித்துத் தருகிறேன் என்று. என்னைக் கேட்டால் அதுதான் உங்களுக்கும் அவருக்கும் பயன்படும். மூன்று இடம் போதும்: தண்ணீர், வெட்டுக்கட்டை, கத்தியோடு சேர்த்துக் கை.

தண்ணீரில் இருந்து ஆரம்பியுங்கள். குடிநீர் விதிப்படி 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ. கோலைகூட இருக்கக் கூடாது. ஆழமில்லாத போரும் கிணறும் நம் பக்கத்தில் மழை பெய்து வாய்க்கால் நிரம்பினால் கெட்டுப்போகும், அதனால் மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை பாருங்கள். தண்ணீர் கெட்டிருந்தால் மற்ற எதைக் கழுவியும் புண்ணியமில்லை.

அப்புறம் கட்டை. காலையில் கடை திறக்கும் முன், நேற்று ராத்திரி கழுவி வைத்த கட்டையில், பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் அளந்து, ஈரப் பஞ்சுக் குச்சியால் அந்த இடம் முழுக்க முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, அழுத்தித் தேய்த்து எடுப்பார்கள், இதைத்தான் ஸ்வாப் என்பார்கள். கட்டையின் நடுவில் கத்தி விழுந்து விழுந்து ஒரு குழி ஆகியிருக்கும் பாருங்கள், அங்கேதான் தேய்க்கச் சொல்லுங்கள். அந்தக் குழியில் கீறலுக்குள் கீறலாக வெள்ளையாகக் கொழுப்பு இறுகியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பசை மாதிரி வரும். அதன் மேல் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டுச் சுத்தமாயிற்று என்று நினைக்கிறவர்கள் நிறைய. கொழுப்பும் ரத்தமும் இருக்கிற இடத்தில் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமி வரை போகவே போகாது. முதலில் காய்ந்த கட்டையை நன்றாகச் சுரண்டி எடுங்கள். அடுத்து வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். அதற்கு அப்புறம்தான் பத்து லிட்டர் வாளிக்குப் பத்து கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைசல், பத்து நிமிடம் விட்டு நல்ல தண்ணீரில் அலசி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். குழி ஆழமாகிவிட்டால் கட்டையின் மேல்பாகத்தை இழைத்து எடுக்கச் சொல்லுங்கள், வெடிப்பு விட்டுவிட்டால் கட்டையையே மாற்றுங்கள். இந்த முறைக்கு முன்னால் ஒரு ஸ்வாப், ஒரு மாதம் கழித்து ஒரு ஸ்வாப் எடுத்து இரண்டையும் ஓட்டல்காரருக்குக் காட்டுங்கள்.

கோழிக்கடையில் இன்னொரு இடம், இறகு உரிக்கும் மெஷினும் அதற்கு முன்னால் கோழியை முக்குகிற வெந்நீர் அண்டாவும். காலையில் ஊற்றின தண்ணீரிலேயே மத்தியானம் வரை முப்பது கோழியையும் முக்கினால், ஒரு கோழியின் எச்சம் முப்பதுக்கும் போகும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். குறைந்தது இவ்வளவாவது செய்யாமல் கறியை லேபுக்கு அனுப்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள், என்ன ரிப்போர்ட் வரும் என்று இப்போதே எனக்குத் தெரியும்.

உங்கள் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இறைச்சிச் சுகாதாரம் அங்கே பாடமாகவே உண்டு. போய்ப் பேசுங்கள், தயங்க வேண்டாம்.

ஊசி போட்டு வளர்த்த கோழியில் மருந்து இருக்கிறதா என்பதும் இந்தச் சோதனையில் தெரியுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

தெரியாது. அது வேறு சோதனை, வேறு கருவி. கிருமி சோதனை உயிரோடு இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்ப்பது. மருந்து எச்சம் ரசாயனச் சோதனை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை கோழி, கால்நடை வளர்ப்பில் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை போட்டது. கிருமிக்கு மருந்து பழகிப்போவது பெரிய விஷயம், தனி இதழில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கிற மகன், 'இங்கே ஒவ்வொரு பாக்கெட்டும் டெஸ்ட் செய்துதான் வரும், நம் ஊரில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறீர்கள்' என்கிறான். உண்மையா?
– வாசகர், நாகப்பட்டினம்

ஒவ்வொரு பாக்கெட்டையும் அங்கேயும் சோதிப்பதில்லை, சோதித்த பாக்கெட்டை விற்கவும் முடியாது. ஆனால் அங்கே அரைத்த மாட்டுக்கறிக்குக் கடுமையான விதி இருப்பது உண்மை, அது வந்த கதை வருத்தமானது. 1993இல் மேற்கு அமெரிக்காவில் ஒரு ஹாம்பர்கர் கடைத் தொடரில் சரியாக வேகாத கறி சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நாலு குழந்தைகள் இறந்தன. காரணம் ஈ. கோலை O157:H7 என்ற வகை. துண்டுக் கறியில் கிருமி மேல்பரப்பில்தான் இருக்கும், கல்லில் போட்டதும் செத்துவிடும். அரைத்துவிட்டால் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. நம் கோலா உருண்டைக்கும் இதே கதைதான், அதனால் உருண்டையை வெளியே சிவந்ததும் எடுத்துவிடாமல் உள்ளே வேகும் வரை மிதமான தீயில் விடுங்கள். அடுத்த வருடமே, 1994இல், அந்தக் கிருமி உள்ள அரைத்த கறியை விற்கவே கூடாது என்று அங்கே அறிவித்தார்கள். 2013இலிருந்து, அரசு மாதிரி எடுத்த சரக்கை ரிப்போர்ட் வரும் வரை வெளியே விடக் கூடாது என்றும் விதி வந்தது. குளிர்க் கிடங்கு இருக்கிறது, நிறுத்தி வைக்க முடிகிறது.

அதற்காக அங்கே தப்பே நடக்காது என்று இல்லை. பெரிய சரக்கில் 60 துண்டு வரை எடுத்துச் சோதிக்கிறார்கள். நூற்றில் ஒன்றில்தான் கிருமி என்றால் அதிலும் பாதிக்கு மேற்பட்ட தடவை அது தப்பிவிடும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018இல் லிஸ்டீரியா கிருமியால் ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அது வந்தது பெரிய தொழிற்சாலை ஒன்றில் தயாரான, அப்படியே சாப்பிடுகிற போலோனி என்ற கறிப் பண்டத்திலிருந்து. லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். இதனால்தான் நம் நாட்டு விதியிலும், வேகவைத்து அப்படியே சாப்பிடும் கறிப் பண்டத்தில் ஐந்து மாதிரி எடுத்தால் ஐந்திலும், 25 கிராமில் ஒரு லிஸ்டீரியாகூட, ஒரு சால்மோனெல்லாகூட இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகள் பாக்கெட் சாசேஜ், சலாமி வகைகளைச் சுடச்சுடச் சூடாக்காமல் சாப்பிட வேண்டாம்.

நாம் எல்லாவற்றையும் நன்றாக வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம், கொதித்தால் எந்தக் கிருமியும் செத்துவிடாதா? கெட்ட வாடை வந்தால் தூக்கிப்போட்டுவிடுகிறோம். அப்புறம் எதற்கு இவ்வளவு பயம்?
– வாசகி, திருவாரூர்

பாதி சரி, அம்மா. கறியின் நடுவில் 75 டிகிரி வந்துவிட்டால் சால்மோனெல்லாவும் ஈ. கோலையும் சாகும், நம் குழம்பு அதைத் தாண்டித்தான் கொதிக்கிறது. அதனால்தான் நம் கறிக்கடைகள் இருக்கிற நிலைக்கும் நாம் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

மீதிப் பாதி கெடா வெட்டில் வருகிறது. அய்யனார் கோயிலில் கெடா வெட்டி, விடியற்காலையில் அண்டாவில் குழம்பு வைத்து, பந்தி முடிய மூன்று மணி ஆகி, மிச்சத்தைத் தூக்குச் சட்டியில் ஊற்றி வீட்டுக்கு எடுத்து வந்து ராத்திரி சாப்பிடுகிறோமே, அந்தக் குழம்பைச் சொல்கிறேன். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி கொதிக்கும்போது விதை மாதிரி இறுகி உயிரோடு இருந்துவிடும். பெரிய அண்டா மெதுவாக ஆறும்போது, மேலே நெய் படலம் மூடி காற்றும் போகாமல் இருக்கும்போது, அது முளைத்துப் பெருகுகிறது. சூடாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள், இல்லையென்றால் அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ராத்திரிக்கு எடுத்தால் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அப்படியும் நாள் முழுக்க வெளியே கிடந்ததைக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிடுங்கள், ஏனென்றால் நான் மேலே சொன்ன ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு கொதித்தாலும் போகாது.

வாடையை நம்பாதீர்கள். வாடை கிளப்புகிற கிருமி வேறு, நோய் கொடுக்கிற கிருமி வேறு. கோழியைக் குழாயடியில் வைத்துச் சளசளவென்று கழுவுவதையும் விட்டுவிடுங்கள், அந்தத் தெறிப்பு பக்கத்தில் நறுக்கி வைத்திருக்கிற வெங்காயம், கொத்தமல்லி மேல் விழும், அதை வேகவைக்க மாட்டீர்கள். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி மெதுவாக அலசுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினால் கவிச்சி போகும், கிருமி போகாது.

கடையில் வாங்கிய கறியை நானே லேபில் கொடுத்துச் சோதிக்கலாமா? அந்த ரிப்போர்ட் செல்லுமா? ஷவர்மா சாப்பிட்டு என் தங்கை மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான், யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம், இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும், கட்டணத்தைக் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் தப்பு நிரூபணமானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. கறியை ஐஸ் பெட்டியில் வைத்து, உறையவிடாமல், 5 டிகிரிக்குக் கீழே, அன்றைக்கே கொண்டு போங்கள். வெயிலில் பையில் கொண்டு போனால் கடையில் இருந்த கிருமியா, வழியில் பெருகின கிருமியா என்று யாராலும் சொல்ல முடியாது. இதைவிட எளிய வழி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுப்பது. அவர்களே கடைக்குப் போய் முறைப்படி மாதிரி எடுத்தால் அதற்கு வலு அதிகம்.

பையன் நலமாகியிருப்பான் என்று நம்புகிறேன். ஷவர்மாவில் கறியும் ஆபத்து, கூட வருகிற பச்சை முட்டை மயோனைஸும் ஆபத்து. 2022இல் காசர்கோடு பக்கத்திலும் 2023இல் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பிள்ளைகளின் உயிரே போனது. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. கம்பியில் சுற்றுகிற கறியின் வெளிப்பக்கம்தான் வேகும். கூட்டம் அதிகமாகும்போது உள்ளே வேகாததையும் சேர்த்துச் சீவிவிடுகிறார்கள். சீவின கறியை இன்னொரு தடவை கல்லில் போட்டு வாட்டித் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள்.

இனி இப்படி நடந்தால், நடக்கக் கூடாது, நடந்தால், மிச்சம் இருக்கிற பண்டத்தைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சுத்தமான டப்பாவில் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, மேலே தேதியும் வாங்கிய நேரமும் எழுதுங்கள், பில்லையும் எடுத்து வையுங்கள். டாக்டரிடம், ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் மலப் பரிசோதனைக்கு எடுத்துவிடலாமா என்று கேளுங்கள், மருந்து உள்ளே போன பிறகு கிருமி பிடிபடுவது கஷ்டம். அன்றைக்கு அதே கடையில் சாப்பிட்ட மற்றவர்கள் யார், யாருக்கு எத்தனை மணிக்கு வாந்தி ஆரம்பித்தது என்று ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளையும் டப்பாவையும் புகார் கொடுக்கும்போது கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.